வாயிலில் நகாரா, கூடத்தில் சாரங்கி: விருந்து, இசை, ஓசை குறித்து ஒரு வரலாற்றுக் குறிப்பு

சத்யஜித் ராய் 1958இல் எடுத்த 'ஜல்சாகர்' திரைப்படம், தன் மாளிகையின் மொட்டைமாடியில் தனித்திருக்கும் ஒரு முதிய ஜமீன்தாரைக் காட்டித் தொடங்குகிறது. தொலைவிலிருந்து ஷெனாய் ஓசை மிதந்து வருகிறது. அது எங்கிருந்து வருகிறது என்று பணியாளிடம் கேட்கிறார். புதுப்பணக்காரரான அண்டைவீட்டாரின் மகனுக்குப் பூணூல் கல்யாணம் என்று விடை வருகிறது. அடுத்து அவர் கேட்பது, தமக்கு அழைப்பு வந்ததா என்பது.

அடுத்தடுத்து வரும் இவ்விரு கேள்விகளும் இந்தியச் சமூக வரலாற்றில் நெடுங்காலம் ஒன்றாகவே இருந்தவை. ஓர் ஓசை காதில் விழுந்தால் அது யாருக்காக எழுப்பப்படுகிறது, கேட்பவருக்கு அதில் இடமுண்டா என்பதையும் சேர்த்தே மக்கள் கேட்டுக்கொண்டார்கள். இல்லத்துக்கு வருவோரை இசையால் வரவேற்பதும், வந்தவர்களோடு அமர்ந்து இசை கேட்பதும் இந்நாட்டில் மிகப் பழைய வழக்கங்கள். அவ்விசை எவ்வளவு உரக்க ஒலிக்கலாம், எவர் காதுவரை செல்லலாம் என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. முகலாயரின் கோட்டை வாயிலில் தொடங்கி, கல்கத்தாவின் மாளிகைக் கூடங்கள் வழியாக, உச்ச நீதிமன்றம்வரை அது நீள்கிறது.

சொற்கள் சொல்வது

தமிழில் 'விருந்து' என்ற சொல்லின் பழம்பொருள் புதுமை. புதிதாக வருபவர் விருந்தினர். உணவைக் குறித்த பொருள் பின்னர் சேர்ந்தது. வடமொழியின் 'அதிதி' என்ற சொல்லுக்கு, திதி பார்த்து வராதவர், நாள் குறிக்காமல் வருபவர் என்று மரபாகப் பொருள் கூறுவர். இரண்டும் எதிர்பாராது வருபவரையே முன்னிறுத்துகின்றன.

இசைக்கூட்டங்களுக்கு வட இந்தியாவில் வழங்கும் சொற்கள் வேறுவகையானவை. 'பைட்டக்' என்பது அமர்தல் என்ற வினையிலிருந்து வந்தது. 'ஜல்சா' என்ற அரபுச் சொல்லின் வேரும் அமர்தலையே குறிக்கும். 'மெஹ்ஃபில்' என்றால் கூடுகை. இம்மூன்றும் உள்ளே அழைக்கப்பட்டு இருக்கை தரப்பட்டவர்களின் உலகத்தைச் சேர்ந்தவை. இவற்றுக்கு எதிர்முனையில் நிற்பது 'நௌபத்'. முறை என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து வந்த இது, குறித்த வேளைகளில் முறைவைத்து வாயிலில் முழங்கிய மேளத்துக்குப் பெயராயிற்று. பெரிய இல்லங்கள் ஒவ்வொன்றுக்கும் இவ்வாறு இரண்டு ஓசைகள் இருந்தன. வாயிலோசை தெருவுக்கு உரியது. கூடத்தோசை வந்தமர்ந்தவருக்கு உரியது.

வாயிலோசை

அபுல் ஃபசலின் 'ஆயினி அக்பரி' நகாராக் கூடத்தின் இசைக்கருவிகளைக் கொடி, குடை, அரியணை ஆகியவற்றோடு சேர்த்து அரசச் சின்னங்களின் வரிசையில் வைக்கிறது. குவர்கா எனப்படும் பெருமுரசு ஏறத்தாழ 18 இணை, நகாரா ஏறத்தாழ 20 இணை, ஒரே நேரத்தில் ஊதப்படும் சுர்னாக்கள் 9, கைத்தாளம் 3 இணை என்று எண்ணிக்கையும் தருகிறது. கொம்புகளும் எக்காளங்களும் இவற்றுக்கு மேல். அக்பரே நகாரா வாசிப்பதில் தேர்ந்தவர் என்றும் அந்நூல் குறிப்பிடுகிறது. கூரையில்லாத வெளியில் இத்தனை கருவிகளும் சேர்ந்து முழங்கினால் ஓசை எவ்வளவு தொலைவு செல்லும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். தொலைவு செல்வதே அதன் பணி. அரசர் இருக்கிறார், வாயில் திறந்திருக்கிறது, வருபவர் வரலாம் என்ற செய்தியை அது ஊருக்குச் சொன்னது.

தில்லிச் செங்கோட்டையின் நௌபத்கானா இன்றும் நிற்கிறது. நாளொன்றுக்கு ஐந்து வேளை அங்கே இசை முழங்கியது. அரச குருதியில் வந்த இளவரசர்களைத் தவிர மற்ற எல்லோரும் அங்கே யானையிலிருந்து இறங்கி நடந்தே உள்ளே செல்ல வேண்டும். வரவேற்பு இசை முழங்கிய இடமும் வருபவரின் தகுதி அளக்கப்பட்ட இடமும் ஒன்றாகவே இருந்தன.

உரத்து முழங்கும் உரிமை எல்லோருக்கும் உரியதாக இருக்கவில்லை என்பது இங்கே கருதத்தக்கது. கொடியும் நகாராவும் பேரரசர் தம் உயர் அலுவலர்களுக்கு வழங்கிய சிறப்புரிமைகள். பெற்றவர் மட்டுமே தம் வாயிலில் முரசு அறையலாம்; பேரரசரின் முன்னிலையில் அவரும் அறையக்கூடாது. ஊர் கேட்க ஓசை எழுப்புவது அதிகாரத்தின் அடையாளம் என்பதால், அதற்கு ஓர் அனுமதி தேவைப்பட்டது.

முகலாய ஆட்சி தளர்ந்தபோது இவ்வுரிமை கீழிறங்கிப் பரவியது. சிற்றரசர்கள், ஜமீன்தார்கள், கோயில்கள் என நௌபத்கானாக்கள் பெருகின. கங்கைக்கரையில் 1855இல் எழுந்த தட்சிணேசுவரக் காளி கோயிலிலும் 'நஹபத்' மேடைகள் உண்டு. அவற்றுள் ஒன்றன் கீழறையில்தான் சாரதா தேவி பல ஆண்டுகள் வாழ்ந்தார். வங்கத்துத் திருமண வீடுகளில் வாயிலுக்கு மேலே மூங்கிலால் மேடை கட்டி ஷெனாய்க்காரர்களை அமர்த்துவது வழக்கமாயிற்று. விருந்தினர் படியேறுமுன் ஷெனாய் அவரை வரவேற்றுவிடும்.

ஆயினும் அவ்விசைஞர் வீட்டுக்குள் வந்ததில்லை. பீகாரின் தும்ராவ் சமஸ்தானத்தில் நௌபத் வாசித்த குடும்பத்தில் 1916இல் பிறந்தவர் பிஸ்மில்லா கான். காசி விசுவநாதர் கோயிலோடு தொடர்புடைய ஷெனாய்க் கலைஞரான தம் மாமாவிடம் பயின்றவர். வாயிற்புற வாத்தியத்தைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்ததே அவர் வாழ்நாள் சாதனை எனலாம். தமிழகத்தின் நாகசுவரம் நடந்த வழியும் ஏறக்குறைய இதுவே. ஊர் முழுதும் கேட்க வாசித்தவருக்குக் கூடத்தில் இருக்கை கிடைக்க நெடுங்காலம் ஆயிற்று.

இவ்வாயிலோசைக்கு இயல்பாகவே இரண்டு எல்லைகள் இருந்தன. ஒன்று மனித உடல். ஊதுபவருக்கு மூச்சு வேண்டும். அறைபவருக்குக் கை ஓயும். மற்றொன்று பெயரிலேயே உள்ள முறை. வேளை முடிந்தால் முழக்கமும் முடியும். அப்படியிருந்தும் அதன் பேரோசை எளியவர் குரலை விழுங்கும் என்பதை மக்கள் அறிந்திருந்தனர். நகாராக் கூடத்தில் சிறுபறவையின் குரலை யார் கேட்பார் என்ற பழமொழி இந்தியிலும் உருதுவிலும் இன்றும் வழங்குகிறது.

கூடத்தோசை

பிளாசிப் போர் நடந்த 1757ஆம் ஆண்டில் கல்கத்தாவின் ஷோபாபஜாரில் நவகிருஷ்ண தேவ் தம் மாளிகையில் துர்க்கா பூசையைப் பெருவிழாவாகத் தொடங்கினார் என்பதும், அதற்கு ராபர்ட் கிளைவ் விருந்தினராக வந்தார் என்பதும் அந்நகரின் மரபுவழிச் செய்தி. பூசை மண்டபமும் ஆடல்கூடமும் ஒரே மாளிகையில் அமைந்தன. அடுத்த நூறாண்டுகளில் கல்கத்தாவின் செல்வக் குடும்பங்கள் ஒன்றோடொன்று போட்டியிட்டு இவ்வழக்கத்தை வளர்த்தன. 1840ஐ ஒட்டி வில்லியம் பிரின்செப் வரைந்த ஓவியம் ஒன்றில், துர்க்கா பூசையின்போது மாளிகைக் கூடத்தில் ஐரோப்பிய விருந்தினர்கள் அமர்ந்திருக்க, ஆடல்மகளிரும் இசைஞர்களும் அவர்கள்முன் நிற்கும் காட்சியைக் காணலாம்.

ராஜா ராம்மோகன் ராயின் இல்லமும் இதற்கு விலக்கன்று. 1823இல் அங்கு விருந்துக்குச் சென்ற ஃபேனி பார்க்ஸ் என்ற ஆங்கிலப் பெண்மணி தம் பயணநூலில் அவ்விரவை விவரிக்கிறார். தோட்டமெங்கும் விளக்குகள், வாணவேடிக்கை, அறைதோறும் ஆடலும் பாடலும். அக்காலக் கல்கத்தாவில் புகழின் உச்சியில் இருந்த நிக்கி அன்று பாடினார். அதே ஆண்டு பூசைக்காலத்தில் வேறொரு செல்வர் இல்லத்தில் ஐரோப்பியருக்குத் தனியறையில் ஐஸும் பிரெஞ்சு மதுவும் பரிமாறப்பட்டதையும் அவர் எழுதியிருக்கிறார். ஒரே விருந்தில் எல்லோருக்கும் ஒரே பந்தி இருக்கவில்லை.

கூடத்தோசைக்கென நுண்ணிய ஒழுங்குகள் வகுக்கப்பட்டன. வெள்ளை விரிப்பு, சாய்வதற்குத் திண்டு, அத்தர், வெற்றிலை. சாரங்கியும் தபலாவும் நாலு சுவர்களுக்குள் நிறையும் அளவே ஒலிக்கும். பாடுபவரின் முகக்குறிப்பும் கையசைவும் காண்பதற்கு எட்டும் தொலைவிலேயே கேட்பவர் இருப்பார். பாராட்டும் இசையின் ஒரு பகுதி. நயமான இடத்தில் 'வாஹ்' என்று சொல்லத் தெரிந்தவரே நல்ல விருந்தினர். 'ஜல்சாகர்' படத்தின் இறுதிக் கச்சேரியில், ஆடல் முடிந்ததும் புதுப்பணக்காரர் முந்திக்கொண்டு பணமுடிப்பை நீட்டுகிறார். ஜமீன்தார் தம் கைத்தடியின் வளைவால் அவர் கையைத் தடுத்துவிடுகிறார். முதல் பரிசில் தரும் உரிமை விருந்தளிப்பவருடையது. கையில் எஞ்சியிருந்த கடைசிப் பணத்தையும் அவ்வுரிமைக்காகவே அவர் செலவழிக்கிறார். தாராசங்கர் வந்தோபாத்தியாயின் கதையை ஒட்டிய இப்படத்தில் பேகம் அக்தரின் பாடலும் ரோஷன் குமாரியின் கதக்கும் இடம்பெற்றிருப்பதால், மறைந்துபோன மெஹ்ஃபிலின் ஓர் ஆவணமாகவும் இது மதிக்கப்படுகிறது.

இக்கூடங்களின் இசைத்தரம் உயர்ந்ததற்கு ஓர் அரசியல் துயரமும் காரணம். 1856 பிப்ரவரியில் ஆங்கிலேயர் அவத் நாட்டைக் கைக்கொண்டனர். பதவி இழந்த நவாப் வாஜித் அலி ஷா அவ்வாண்டு மே மாதம் கல்கத்தா வந்தார். 1857 எழுச்சியின்போது வில்லியம் கோட்டையில் அடைக்கப்பட்டு, விடுதலைக்குப்பின் நகரின் தென்மேற்கே ஹூக்ளி ஆற்றங்கரையில் மட்டியாபுர்ஜில் குடியமர்ந்து, 1887இல் அங்கேயே மறைந்தார். நாடு போனாலும் இசைஞர்கள் அவரைத் தொடர்ந்து வந்தனர். லக்னோவின் டும்ரியும் கதக்கும் கல்கத்தாவின் கூடங்களுக்குள் நுழைந்தது அவ்வழியே. தம் நாட்டில் விருந்தளிக்க இயலாத மன்னர், பிறர் ஆண்ட நகரில் ஓர் இசைநகரையே அமைத்து விருந்தளித்தார்.

உள்ளே வராதவர்கள்

கூடத்தின் சிறப்பைப் பேசும்போது அங்கே இடம் பெறாதவர்களையும் கணக்கில் கொள்ள வேண்டும். அவர்கள் மூன்று வகையினர்.

முதலாவது, அவ்வீட்டுப் பெண்கள். வங்க மாளிகைகளின் மேல்தள உள்முகப்புகளில் மரச்சட்டத் தடுப்புகள் அமைந்திருக்கும். அவற்றின் இடுக்கு வழியாகவே அந்தப்புரப் பெண்கள் கீழே நடக்கும் ஆடலையும் பாடலையும் கண்டார்கள். சொந்த வீட்டில் நடக்கும் கச்சேரியை மறைந்திருந்து கேட்டவர்கள் அவர்கள்.

இரண்டாவது, பாடிய பெண்கள். அவர்கள் கூடத்தின் நடுவே இருந்தார்கள். ஆயினும் விருந்தினர் அல்லர். முன்பணம் கொடுத்து அழைக்கப்பட்டு, பரிசில் பெற்றுத் திரும்புபவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த ஆடல்மகளிர் எதிர்ப்பியக்கம் அவர்களை அழைப்பதே தகாது என்றது. சென்னையின் சீர்திருத்தவாதிகள் 1893இல், ஆடல் நடைபெறும் விருந்துகளில் கலந்துகொள்ள வேண்டாம் என்று வைசிராய்க்கும் சென்னை ஆளுநருக்கும் விண்ணப்பம் அனுப்பினர். பெண்ணுக்கு நேர்ந்த இழிவைக் களைய எழுந்த அவ்வியக்கம், அப்பெண்களின் பிழைப்பையும் கலையையும் பற்றி அவர்களிடம் கேட்கவில்லை.

மூன்றாவது, வாயிலுக்கு வெளியே நின்ற ஊரார். ஹூக்ளி மாவட்டத்துக் குப்திபாராவில், செல்வர் வீட்டுப் பூசையில் இடம் மறுக்கப்பட்ட பன்னிரு நண்பர்கள் தாங்களே பணம் திரட்டிப் பூசை நடத்தினர் என்றும், அதனால் பொதுப்பூசைக்கு 'பாரோயாரி', அதாவது பன்னிரு நண்பர் பூசை, என்று பெயர் வந்தது என்றும் மரபுக்கதை கூறுகிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்ததாகச் சொல்லப்படும் இக்கதையின் சாரம் தெளிவானது. அழைக்கப்படாதவர்கள் தமக்கென ஒரு விருந்தை உருவாக்கிக்கொண்டார்கள். இருபதாம் நூற்றாண்டில் 'சர்வஜனீன்' என்ற பெயரில் தெருத்தோறும் வளர்ந்த பூசைப் பந்தல்களின் வேர் இதில் இருக்கிறது. கதவில்லாத பந்தலில் எவரும் விருந்தினரே.

பெட்டிக்குள் வந்த பாடகி

1902 நவம்பரில் ஃபிரெட் கெய்ஸ்பெர்க் என்ற ஒலிப்பதிவாளர் கல்கத்தாவில் இந்தியக் குரல்களைப் பதிவு செய்தார். அவர்களில் பெரும்புகழ் பெற்றவர் கௌஹர் ஜான். 1873இல் ஆசம்கரில் பிறந்து, சிறுவயதில் தாயோடு கல்கத்தாவில் குடியேறியவர். இரவு முழுதும் விரியக்கூடிய இராகத்தை ஏறத்தாழ மூன்று நிமிடத்துக்குள் சுருக்கிப் பாடி, முடிவில் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்க அறிவிப்பார். இசைத்தட்டுகள் ஜெர்மனியின் ஹானோவரில் அச்சாகும்போது பாடியவரை அடையாளம் காண அவ்வறிவிப்பு உதவியது. 1908இல் கல்கத்தாவின் சியால்தாவிலேயே இசைத்தட்டுத் தொழிற்சாலை வந்துவிட்டது.

கிராமஃபோன் வீட்டு விருந்தின் இயல்பையே மாற்றியது. பாடகியை வாயிற்படி மிதிக்க விடாத நடுத்தரக் குடும்பங்களில் அவர் குரல் மட்டும் கூடத்தில் ஒலித்தது. மரத்தடுப்புக்குப் பின்னால் நின்ற பெண்கள் பெட்டியருகே வந்து அமர்ந்து கேட்டார்கள். ஜமீன்தார் அல்லாத எழுத்தரும் பள்ளி ஆசிரியரும் மாலையில் நண்பர்களை அழைத்து, தேநீரோடு இசைத்தட்டு போட்டு உபசரிக்க முடிந்தது. பரிசில் இல்லை; முன்பணம் இல்லை; தடித்த திண்டுகளும் தேவையில்லை. விருந்தளிக்கும் உரிமை பரவலாயிற்று. பாடியவருக்கு அந்த வீடுகளிலிருந்து ஒரு 'வாஹ்' கூடப் போய்ச்சேரவில்லை என்பது இதன் மறுபக்கம்.

அக்காலக் கிராமஃபோனில் ஓசையைக் கூட்டவும் குறைக்கவும் திருகு கிடையாது. ஊசியை மாற்றுவதே வழி. தடித்த எஃகு ஊசி உரக்கப் பாடும்; மெல்லிய ஊசி தணிந்து பாடும். எப்படிப் பாடினாலும் மின்சாரமில்லாத அக்குழலின் ஓசை தெருமுனைக்கு அப்பால் சென்றதில்லை. சன்னலருகே பெட்டியை வைத்தால் திண்ணையில் நிற்பவருக்கும் கேட்கும். அவ்வளவே. கூடத்தோசை சற்று விரிந்தது, வாயிலோசையாக மாறவில்லை.

இரண்டு ஓசைகளும் ஒன்றானபோது

மாற்றத்தைக் கொண்டுவந்தது மின்சாரம். 1927 ஆகஸ்ட் 26இல் கல்கத்தா வானொலி நிலையம் ஒலிபரப்பைத் தொடங்கியது. 1930களில் பம்பாயின் சிகாகோ ரேடியோ நிறுவனம் காங்கிரஸ் மாநாடுகளுக்கு ஒலிபெருக்கிகளை அமைத்துத் தந்தது. தலைவரின் பேச்சைப் பெருந்திரளுக்குக் கொண்டுசென்ற அதே கருவி, அடுத்த இருபதாண்டுகளில் திருமண வீட்டுக்கும் பூசைப் பந்தலுக்கும் வாடகைக்கு வந்தது. ஷெனாய்க்காரர் அமர்ந்த மூங்கில் மேடையில் குழல்வடிவ ஒலிபெருக்கி கட்டப்பட்டது. முதலில் அதிலும் ஷெனாய் இசைத்தட்டே ஒலித்தது. பின்னர் திரைப்பாடல்கள் வந்தன.

இதன் நன்மையை மறுப்பது நேர்மையன்று. சுதந்திரத்துக்குப்பின் கல்கத்தாவில் பெருகிய இசை மாநாடுகள், ஜமீன் கூடங்கள் மூடப்பட்ட பின்னர் அவ்விசைக்கு வாழ்வளித்தன. டோவர் லேன் இசை மாநாடு தொடங்கியது 1952இல். நுழைவுச்சீட்டு வாங்க வழியில்லாதவர்கள் மாநாட்டுப் பந்தல்களுக்கு வெளியே தெருவில் செய்தித்தாளை விரித்து அமர்ந்து, குளிர்கால இரவு முழுவதும் ஒலிபெருக்கி வழியே பெரிய உஸ்தாதுகளைக் கேட்டது கல்கத்தாவின் இசை நினைவுகளில் மீண்டும் மீண்டும் வருவது. வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட ஊராருக்குக் கூடத்து இசை முதன்முறையாக முழுதாகக் கிடைத்தது.

ஆயினும் அதே கருவி இரண்டு ஓசைகளுக்கும் இடையே இருந்த வேறுபாட்டை அழித்துவிட்டது. கூடத்தில் இருப்பவர்கள் மகிழ்வதற்கான இசை, வாயிலோசையின் வலிமையோடு ஊருக்குள் பாய்ந்தது. நௌபத்துக்கு இருந்த இரு எல்லைகளும் இதற்கு இல்லை. இயந்திரத்துக்கு மூச்சு வாங்காது, கை ஓயாது. முறைவேளையும் கிடையாது. பழைய முழக்கம் 'வாருங்கள்' என்ற செய்தியைச் சொல்லிவிட்டு ஓய்ந்தது. புதிய முழக்கத்தில் அழைப்பு இல்லை. அண்டைவீட்டார் விருந்தினர் ஆகாமலேயே கேட்பவர் ஆனார். நோயாளி, தேர்வுக்குப் படிக்கும் மாணவர், இரவுப்பணி முடித்து உறங்குபவர் என எவரையும் அவ்வோசை கேட்டுவிட்டு நுழையவில்லை.

நகாராக் கூடத்தில் ஒரு குரல்

இதன் உச்சமான துயரம் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பொன்றில் பதிவாகியுள்ளது. பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி வன்கொடுமைக்கு ஆளானாள். உதவிகேட்டு அவள் எழுப்பிய கூக்குரல், அக்கம்பக்கத்தில் ஒலிபெருக்கியில் அலறிய இசையில் அமிழ்ந்து எவர் காதிலும் விழவில்லை. அன்று மாலையே அவள் தீக்குளித்து இறந்தாள். 1998 ஜனவரியில் நாளிதழ்களில் வந்த இச்செய்தியைக் கண்டு பொறியாளர் ஒருவர் பொதுநல வழக்குத் தொடுத்தார். 2005 ஜூலை 18இல் தலைமை நீதிபதி ஆர். சி. லகோட்டி, நீதிபதி அசோக் பான் ஆகியோர் வழங்கிய தீர்ப்பு இச்சிறுமியின் மரணத்திலிருந்தே தொடங்குகிறது. நகாராக் கூடத்துச் சிறுபறவை என்று பழமொழி உவமையாகச் சொன்னது இங்கே ஓர் உயிராக நின்றது.

சட்டம் அதற்கு முன்பே இத்திசையில் நகரத் தொடங்கியிருந்தது. 1996இல் கல்கத்தா உயர் நீதிமன்றம், கேட்க விரும்பாத குடிமகனைக் கட்டாயக் கேட்பாளராக்க எவருக்கும் உரிமையில்லை என்ற கருத்தை வலியுறுத்தி, ஒலிபெருக்கிகளுக்குக் கட்டுப்பாடுகளை விதித்தது. மாளிகைக் கச்சேரிகளால் பெயர்பெற்ற நகரிலிருந்தே இக்குரல் எழுந்தது குறிப்பிடத்தக்கது. சென்னை மாதவரம் நெடுஞ்சாலைப் பகுதியில் வழிபாட்டுத்தலம் ஒன்றின் ஓசை குறித்துக் குடியிருப்போர் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்றபோது, 2000 ஆகஸ்டில் வந்த தீர்ப்பு கல்கத்தாவின் இத்தீர்ப்பை மேற்கோளாகக் கொண்டது. பிறர் அமைதியைக் கெடுத்து ஒலிபெருக்கியாலும் முரசாலும் வழிபடுமாறு எச்சமயமும் கூறவில்லை என்று அத்தீர்ப்பு முடிவு செய்தது.

அதே 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் மைய அரசின் ஒலிமாசு விதிகள் நடைமுறைக்கு வந்தன. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று வரையறுக்கப்பட்டது. ஒலிபெருக்கிக்கு எழுத்துவழி அனுமதி பெற வேண்டும். இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை பொதுவெளியில் ஒலிபெருக்கி கூடாது. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக ஆண்டுக்கு 15 நாள்களுக்கு மிகாமல் நள்ளிரவுவரை மாநில அரசு தளர்வு தரலாம் என்ற திருத்தம் 2002இல் சேர்ந்தது. 2005 தீர்ப்பு, இரவில் முரசறைவதையும் எக்காளம் ஊதுவதையும்கூட அவசரநிலை தவிர்த்துத் தடுத்தது. தனியார் இல்லத்தின் ஒலியமைப்பு, வீட்டின் எல்லையில் அளக்கும்போது, அப்பகுதிக்குரிய அளவைவிட 5 டெசிபலுக்கு மேல் மிகக்கூடாது என்றும் அது கூறியது.

இவ்வெண்களின் பொருளை விளங்கிக்கொள்வது நல்லது. டெசிபல் கூட்டல் கணக்கில் ஏறுவதன்று. 10 டெசிபல் கூடினால் ஒலியாற்றல் பத்து மடங்காகும். 3 டெசிபல் கூடினாலே இரு மடங்காகும். குடியிருப்பு ஒன்றில் பகல்வேளை விருந்தின் இசை மதிற்சுவரருகே 60 டெசிபலைத் தாண்டக்கூடாது என்றால், அருகருகே நின்று இருவர் இயல்பாக உரையாடும் அளவே அங்கு கேட்க வேண்டும் என்று பொருள். கூடத்துக்குள் விருந்தினர் விரும்பிய அளவு மகிழலாம். சுவரைக் கடக்கும்போது அது பேச்சளவுக்குத் தணிந்திருக்க வேண்டும். மெஹ்ஃபிலின் பழைய ஒழுங்கை எண்ணால் எழுதியதைப் போன்றது இவ்விதி. பேரோசைக்கு ஆட்சியாளரின் அனுமதி வேண்டும் என்ற முகலாயர் கால முறையும் வேறு வடிவில் திரும்பியிருக்கிறது. அன்று அனுமதி அரசரின் மேன்மையைக் காக்கத் தேவைப்பட்டது. இன்று உறங்கும் எளியவரைக் காக்கத் தேவைப்படுகிறது.

விருந்தும் அண்டைவீடும்

சட்டத்தால் ஆவது ஓர் அளவுவரைதான். அளவுக்கருவியோடு ஒவ்வொரு மதிற்சுவரருகிலும் காவலர் நிற்க இயலாது. புகார் கொடுப்பவர் அதே தெருவில் நாளையும் வாழ வேண்டியவர். திருமண வீட்டாரைப் பகைத்துக்கொள்ளத் தயங்குவார். விதிகள் வந்து இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகும் ஓசை தணியாததற்கு இத்தயக்கமும் ஒரு காரணம்.

வரலாறு நினைவூட்டும் வழி இதைவிடப் பழையது. உரத்த இசையைச் சேர்ந்து கேட்பது இழிவானதன்று. முரசும் எக்காளமும் இம்மண்ணின் மகிழ்ச்சியிலிருந்து பிரிக்க முடியாதவை. ஊர் கேட்க முழங்கிய காலத்தில், அந்த முழக்கத்துக்கு வேளை இருந்தது. அழைப்பாக இருக்கும் கடமையும் அதற்கு இருந்தது. உள்ளே இருப்பவருக்கான இசை உள்ளளவில் நின்றது. அழைக்கப்படாதவர்களின் மனக்குறையிலிருந்து பாரோயாரி பிறந்தது. இவற்றைச் சேர்த்துப் பார்த்தால், வீட்டில் விருந்து வைப்பவர் அண்டைவீட்டாரிடம் முன்கூட்டிச் சொல்வதும், இயன்றால் அவரையும் அழைப்பதும், எத்தனை மணிக்கு முடியும் என்று தெரிவிப்பதும், சொன்ன நேரத்தில் நிறுத்துவதும் வெறும் நாகரிகம் மட்டுமன்று என்பது விளங்கும். விருந்தோம்பல் என்ற சொல்லுக்குள்ளேயே அவை அடங்கியிருக்கின்றன.

நாள் குறிக்காமல் வருபவரையும் வரவேற்கும் வீடு, நாள்தோறும் பக்கத்திலேயே இருப்பவரை மறந்துவிடலாகாது. தமக்கு அழைப்பு வந்ததா என்று அந்த முதிய ஜமீன்தார் கேட்டபோது அவருக்கு விடை கிடைத்தது. இன்று விருந்துவீட்டின் ஓசை நுழையும் ஒவ்வொரு வீட்டாருக்கும் அதே கேள்வியைக் கேட்கும் உரிமை உண்டு. விடை சொல்ல வேண்டியவர் விருந்தளிப்பவர்.